இல்லாத மூவரின் துயரம்: 'பஞ்ச்' இதழின் ஒரு கேலிச்சித்திரமும் லண்டன் மேட்டுக்குடி வம்பும்

லண்டனின் நகைச்சுவை இதழான 'பஞ்ச்' வார இதழின் 1881 மே 21 தேதியிட்ட பதிப்பில், ஜார்ஜ் டு மோரியே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று 'குலைந்துபோன சமூக ஆசை' என்ற பொருள்படும் தலைப்போடு வெளியானது. போஸ்ல்த்வெயிட் என்ற கவிஞர், மாடில் என்ற ஓவியர், இவ்விருவரையும் தன் வரவேற்பறையில் வைத்துக் கொண்டாடும் திருமதி சிமபூயே பிரவுன் ஆகிய மூவரும் அதில் துயரம் தாங்காமல் துவண்டு கிடக்கிறார்கள். காரணத்தைப் படத்தின் கீழுள்ள வாசகம் சொல்கிறது: பரவலாக விற்பனையாகும் மற்றொரு இதழில், தாங்கள் 'பஞ்ச்' இதழின் கற்பனையில் மட்டுமே இருப்பவர்கள் என்று எழுதியிருப்பதை அவர்கள் படித்துவிட்டார்கள்; உலகப்புகழ் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி பேரிடியாக இறங்கியிருக்கிறது.

முதல் பார்வைக்கு இது வெறும் குறும்பு. ஆனால் இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அடுக்கிப் பார்த்தால், மேட்டுக்குடி வம்பைக் கேலி செய்யும் சித்திரம் எந்த இடத்தில் தானே வம்பாக மாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு விக்டோரியா காலத்து இதழ்களில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டு மோரியே தன் படங்களில் பெயர் குறிப்பிட்டு எவரையும் தாக்குவதைத் தவிர்த்து வந்தவர். பெயர் இல்லாத இடத்தில் பெயரைக் கொண்டுவந்து பொருத்தியது வாசகர்களின் வேலை; அப்படிப் பொருத்தப்பட்டவர்களில் ஒருவர் அதை மனமார ஏற்றுக்கொண்டார் என்பதுதான் இந்த நிகழ்வின் விசித்திரம்.

பெயர் சொன்ன இதழ்கள்

1841 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்ட 'பஞ்ச்', முதல் ஆண்டுகளில் ஏழைகளின் பக்கம் நின்று அரண்மனையையும் பாராளுமன்றத்தையும் சாடிய இதழ். முப்பது ஆண்டுகளுக்குள் அது நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறை மேசையில் தயக்கமின்றி வைக்கத்தக்க இதழாகப் பதமடைந்துவிட்டது. அதே காலத்தில்தான் 'சமூக இதழ்கள்' என்று அழைக்கப்பட்ட புதுவகை வார இதழ்கள் முளைத்தன. தாமஸ் கிப்சன் போல்ஸ் 1868இல் 'வேனிட்டி ஃபேர்' இதழையும், எட்மண்ட் யேட்ஸ் 1874இல் 'தி வேர்ல்ட்' இதழையும், ஹென்றி லபுஷேர் 1877இல் 'ட்ரூத்' இதழையும் தொடங்கினார்கள். யார் வீட்டு விருந்தில் யார் யாரோடு பேசவில்லை, எந்தப் பிரபுவின் கடன் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது, எந்தத் திருமணம் எதனால் தள்ளிப்போகிறது என்பவையெல்லாம் இவற்றில் சிறு சிறு துணுக்குகளாக வந்தன. இன்றைய கிசுகிசுப் பத்தியின் நேரடி மூதாதையர் என்று இவற்றைச் சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு: எழுதியவர்களில் பலர் அந்த விருந்துகளுக்கு அழைக்கப்பட்டவர்களே.

இந்தத் தொழிலின் அபாயம் யேட்ஸின் வாழ்க்கையில் வெளிப்பட்டது. 1883 ஜனவரியில் லான்ஸ்டேல் பிரபு ஓர் இளம்பெண்ணோடு ஓடிப்போனதாகச் சுட்டும் துணுக்கொன்று 'தி வேர்ல்ட்' இதழில் வந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் ஒரு சீமாட்டி. அவரைக் காட்டிக்கொடுக்காமல் பழியை ஏற்ற யேட்ஸ், அவதூறு வழக்கில் நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டிலும் தோற்று, 1885இல் ஹாலவே சிறையில் ஏறத்தாழ ஏழு வாரங்கள் இருந்து, உடல்நலம் கெட்டதால் விடுவிக்கப்பட்டார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அச்சடித்த வாயை மட்டும் நீதிமன்றம் அவ்வப்போது மூடிப் பார்த்தது.

பெயர் சொல்லாதவர்

டு மோரியே 1834இல் பாரிசில், பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். ஓவியம் பயில ஆன்ட்வெர்ப் சென்றிருந்தபோது இடக்கண்ணின் பார்வை போய்விட்டது. மற்றக் கண்ணும் போய்விடுமோ என்ற அச்சத்தோடுதான் மீதி வாழ்நாளைக் கழித்தார். 'பஞ்ச்' ஓவியர் ஜான் லீச் 1864 அக்டோபரில் இறந்ததும், அவர் விட்டுச்சென்ற இடத்தில் 'பஞ்ச்' ஆசிரியர் மார்க் லெமன் இவரை அமர்த்தினார். சக ஓவியர் சார்ல்ஸ் கீன் தெருவோரத்து வேடிக்கையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீர் வாழ்க்கையின் நளினமான பக்கத்தை வரையும் என்பது லெமன் கொடுத்த அறிவுரை. அதை டு மோரியே சாகும்வரை, ஏறக்குறைய 32 ஆண்டுகள், கடைப்பிடித்தார்.

அவர் குடும்பத்திலேயே வம்புக்குப் பஞ்சமில்லை. தாய்வழிப் பாட்டி மேரி ஆன் கிளார்க், யார்க் கோமகனின் காதலியாக இருந்து, இராணுவப் பதவி உயர்வுகளைப் பணத்துக்கு விற்றதாக எழுந்த புகாரில் 1809இல் பாராளுமன்றத்தின் முன் சாட்சி சொன்னவர். கோமகன் தலைமைத் தளபதிப் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. தாமஸ் ரௌலண்ட்சன் அந்த ஊழலை மட்டும் வைத்துப் பல டஜன் கேலிச்சித்திரங்களை அச்சிட்டு விற்றார்; அவற்றில் திருமதி கிளார்க்கின் பெயரும் உருவமும் எந்த மறைப்புமின்றி இடம்பெற்றன. தந்தைவழியில் கதை இன்னும் சுவையானது. 'டு மோரியே' என்ற பிரபுத்துவப் பின்னொட்டைப் பாட்டனார் ரொபேர் மத்துரேன் புஸ்ஸோன் தாமாகவே சேர்த்துக்கொண்டார். புரட்சிக்கு அஞ்சி இங்கிலாந்துக்கு ஓடிவந்த உயர்குலத்தவர் என்ற குடும்பக் கதையை ஜார்ஜ் கடைசிவரை நம்பினார். போலிப் பிரபுத்துவத்தை இங்கிலாந்திலேயே மிகக் கூர்மையாகக் கேலி செய்த கைக்குச் சொந்தக்காரரின் பெயரே இப்படிப்பட்டது. பாட்டி பட்ட பாட்டினால்தான் பேரன் பெயர் சொல்லாமல் வரைந்தார் என்று முடிச்சுப் போடுவது சுலபம். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் பெயர் சொல்லும் சித்திரத்துக்கும் சொல்லாத சித்திரத்துக்கும் இடையிலான தூரம் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தலைமுறையில் கடக்கப்பட்டது என்பது உண்மை.

பெயர்களுக்குப் பதில் அவர் மாதிரிகளைப் படைத்தார். மேல்தட்டு வட்டத்துக்குள் ஏறிவிடத் துடிக்கும் திருமதி பான்சன்பி டி டாம்கின்ஸ் எவ்வளவு பெரிய அவமதிப்பையும் புன்னகையோடு விழுங்கி, அடுத்த வாரமே ஒரு கோமகளைத் தன் இசை நிகழ்ச்சிக்கு வரவழைத்துவிடுவார். சர் கோர்ஜியஸ் மைடஸ் திடீர்ப் பணக்காரர். 'ஹ' ஒலியைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர். புகழ்பெற்ற ஒரு படத்தில் நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும் மைடஸ், வாயிலில் நான்கு பணியாட்கள் மட்டும் நிற்பதைக் கண்டு சீறுகிறார். மணி இரண்டாகிவிட்டதால் மற்றவர்கள் படுக்கப்போனார்கள் என்று தலைமைப் பணியாள் சொல்ல, "அப்படியானால் நான் ஒரு நண்பரை அழைத்து வந்திருந்தால், எங்களுக்குக் கதவு திறக்க நீங்கள் நாலே பேர்தான் இருந்திருப்பீர்கள், இல்லையா!" என்கிறார். இந்த மைடஸ் யார் என்று கேட்டு எவராலும் வழக்குத் தொடுக்க முடியாது. வழக்குப் போடுபவர், மைடஸ் நானே என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவர் படங்கள் கட்டப்பட்ட முறையையும் இங்கே கவனிக்க வேண்டும். உருவங்களை அவர் கோணலாக்குவது அரிது. பெண்கள் நெடிதுயர்ந்து, சிற்பம் போல நிற்பார்கள். அவர்களில் பலருக்கு அவர் மனைவி எம்மாவே மாதிரி. வரவேற்பறையின் திரைச்சீலை, பியானோ, விசிறி, சில படங்களில் அவர் வீட்டு நாய் சாங் உட்பட எல்லாமே ஒரு புகைப்படத்தின் நம்பகத்தோடு இருக்கும். நகைச்சுவை முழுவதும் கீழே, நாடக வசனம் போல அச்சிடப்பட்ட உரையாடலில் உள்ளது. அவ்வசனத்தையும் பெரும்பாலும் அவரே எழுதினார். சில படங்களில் நாடகக் குறிப்பைப் போல அடைப்புக்குறிக்குள் ஒரு வரியும் வரும். ஆக, படம் பார்வையாளரை அறைக்குள் நிறுத்துகிறது. வசனம் அவர் காதில் விழுகிறது. ஒட்டுக்கேட்கும் நிலையில் வாசகரை வைப்பதே இந்த அமைப்பின் வேலை. 'சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றும் சொற்கள்' என்ற பொருளில் அவர் நடத்திய தொடர் முழுவதும் இந்த ஒரே உத்தியில் நிற்கிறது. வம்பின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அதன் தொனி, இடைவெளி, முகபாவம் ஆகியவற்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டு அச்சானவை. ஜோசப் ஸ்வெயினின் பட்டறை அந்தப் பணியைச் செய்தது. காகிதத்தில் வரைந்ததைப் புகைப்பட முறையில் கட்டைக்கு மாற்றும் வழி வந்தபின், பார்வை குன்றிய டு மோரியே பெரிய அளவில் வரைய முடிந்தது. ஒரு புருவத்தின் உயர்வில் வம்பைக் காட்ட வேண்டியவருக்கு இது சிறிய சலுகையல்ல.

தேநீர்க் கெண்டி

1870களின் இறுதியில் லண்டன் மேட்டுக்குடியை ஓர் அழகியல் மோகம் பிடித்தது. நீல வெள்ளைப் பீங்கான், ஜப்பானிய விசிறி, மயிலிறகு, லில்லி, சூரியகாந்தி, இறுக்கமில்லாமல் தொங்கும் மங்கிய நிற ஆடை ஆகியவை இல்லாத வரவேற்பறை வரவேற்பறையாகக் கருதப்படவில்லை. டு மோரியே இந்த மோகத்தை விடாமல் வரைந்தார். 1880இல் சிமபூயே பிரவுன் குடும்பமும் அதன் விருந்தினர்களான மாடிலும் போஸ்ல்த்வெயிட்டும் வாராவாரம் எதிர்பார்க்கப்படும் மனிதர்களாகிவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஃபுளோரன்ஸ் ஓவியர் ஒருவரின் பெயரையும் இங்கிலாந்தின் மிகச் சாதாரணமான குடும்பப் பெயரையும் ஒட்டிய அந்த 'சிமபூயே பிரவுன்' ஒன்றே பாதிக் கேலியை முடித்துவிடுகிறது. அவ்வாண்டு ஜூலை 17 இதழில் போஸ்ல்த்வெயிட் ஒரு தின்பண்டக் கடையில் அமர்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் கேட்டு, அதில் லில்லி ஒன்றைச் செருகி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு ஏதேனும் வேண்டுமா என்று கேட்கும் பணியாளிடம், "வேண்டாம், நன்றி. எனக்குத் தேவையானதெல்லாம் இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடுவேன்" என்கிறார்.

இந்த வரிசையில் 1880 அக்டோபர் 30 அன்று வந்த தேநீர்க் கெண்டிப் படம்தான் நமது நிகழ்வின் திருப்புமுனை. புதுமணத் தம்பதியர் இருவர் ஒரு பீங்கான் கெண்டியைப் பக்தியோடு நோக்குகிறார்கள். "பரிபூரணம் என்றால் இதுதான், இல்லையா?" என்கிறார் மணமகன். "ஆமாம்! ஆல்ஜெர்னான், இதற்குத் தகுந்தாற்போல நாம் வாழ்ந்து காட்டுவோம்!" என்கிறார் மணமகள். இந்த வசனம் டு மோரியேயின் சொந்தச் சரக்கல்ல. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஆஸ்கர் வைல்டு ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, தம் அறையிலிருந்த நீலப் பீங்கானுக்குத் தகுந்தபடி வாழ்வது நாளுக்கு நாள் கடினமாகிறது என்று சொன்னதாக ஒரு பேச்சு கல்லூரிக்குள் பரவி, தேவாலயப் பிரசங்கத்தில் கண்டிக்கப்படும் அளவுக்கு ஊர்ப்பேச்சாகியிருந்தது. அந்த ஊர்ப்பேச்சைப் பெயர் நீக்கி, ஒரு மணமகளின் வாயில் வைத்தார் டு மோரியே. வம்பைச் சட்டியில் போட்டு, ஆளை மட்டும் வடித்துக் கொட்டிய வேலை இது.

ஆனால் வடித்துக் கொட்டியது வாசகர் மனத்தில் திரும்ப ஊறியது. போஸ்ல்த்வெயிட் ஒடிசலான ஆள். வைல்டோ நல்ல உயரமும் சதைப்பிடிப்பும் கொண்டவர். உருவம் பொருந்தாவிட்டாலும் போஸ்ல்த்வெயிட் என்றால் வைல்டுதான் என்று லண்டன் முடிவு கட்டிவிட்டது. கையில் அப்போது ஒரு கவிதைத் தொகுப்புகூட இல்லாத வைல்டு, இதை மறுப்பதற்குப் பதிலாக அனுபவித்தார். ஒரு கண்காட்சியில் டு மோரியேயும் வைல்டும் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ட ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் அருகில் வந்து, "உங்கள் இருவரில் யார் யாரைக் கண்டுபிடித்தது?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அதுவும் வம்பாகவே நமக்கு வந்து சேர்ந்த கதை. இருந்தாலும் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிடவில்லை.

1881 பிப்ரவரி 12 படத்தில் இந்த இடைவெளி மேலும் குறுகுகிறது. இப்போது மாடில் பருத்து, தளர்ந்து அமர்ந்து, வைல்டின் சாயலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். கிராமத்திலிருந்து வந்த வேறொரு திருமதி பிரவுன் தன் மகன் ஓவியனாக விரும்புகிறான் என்கிறார். "அவர் ஏன் ஓவியராக வேண்டும்?" என்கிறார் மாடில். "ஏதாவது ஒன்றாக ஆகத்தானே வேண்டும்!" என்று தாய் பதறுகிறார். "ஏன் ஏதாவது ஆக வேண்டும்? அழகாக இருப்பதிலேயே என்றென்றும் நிறைவடைந்து இருந்துவிடட்டுமே?" என்பது மாடிலின் பதில். அடைப்புக்குறிக்குள், எது எப்படியானாலும் மகன் மாடிலிடம் ஓவியம் பயிலப்போவதில்லை என்று திருமதி பிரவுன் தீர்மானிப்பதாக ஒரு வரி. பதினான்கு ஆண்டுகள் கழித்து வைல்டு தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் நீதிமன்றக் கூண்டில் நின்றதை அறிந்த இன்றைய வாசகருக்கு இந்தப் படம் சிரிப்போடு சேர்த்து ஒரு நெருடலையும் தருகிறது. தாயின் பதற்றம் எதைப் பற்றியது என்று படம் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதே வம்பின் முழுத்திறமை, அதை டு மோரியே நன்கு கற்றிருந்தார்.

மே முதல் ஜூன் வரை

அதே பிப்ரவரியில் 'பஞ்ச்' ஆசிரியர் ஃபிரான்சிஸ் பர்னண்ட் அழகியல்வாதிகளைக் கேலி செய்யும் 'தி கர்னல்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். ஏப்ரல் 23 அன்று கில்பர்ட்டும் சல்லிவனும் அதே அழகியல்வாதிகளைக் கேலி செய்யும் 'பேஷன்ஸ்' என்ற இசைநாடகத்தை அரங்கேற்றினார்கள். ஆக, மே மாதம் பிறந்தபோது டு மோரியேயின் மாந்தர்கள் அவர் கையை விட்டுப் போய், நகரத்தின் பொதுச்சொத்தாகியிருந்தார்கள். மற்றொரு இதழ் அவர்கள் கற்பனை மாந்தர்கள்தாம் என்று எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியொரு குறிப்பை எழுத வேண்டியிருந்தது என்பதே அவர்களை உண்மையென நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அடையாளம்.

'குலைந்துபோன சமூக ஆசை' அந்தக் குறிப்புக்கு அளித்த பதில் பல அடுக்குகள் கொண்டது. எழுத்தில் இடம்பெறுவதே இருப்பு என்று நினைக்கும் மேட்டுக்குடியைத்தான் படம் முதலில் குத்துகிறது: 'தி வேர்ல்ட்' இதழில் தன் பெயர் வராத வாரத்தில் தான் இல்லாமலே போய்விட்டதாகத் துவளும் சீமாட்டிகள் லண்டனில் மெய்யாகவே இருந்தார்கள். அடுத்து, யார் உண்மை, யார் பொய் என்று தீர்ப்பளிக்கும் சக இதழுக்கும் ஒரு குட்டு விழுகிறது. மூன்றாவதாக, இவர்கள் கற்பனையே என்று படைத்தவரே ஒப்புக்கொள்வதன் மூலம், வைல்டு என்ற பெயரிலிருந்து தன் மாந்தர்களைப் பிரித்தெடுக்கும் முயற்சியாகவும் அதை வாசிக்கலாம். என் கணிப்பில் இந்த மூன்றாவது நோக்கமே வலுவானது; இதன் பிறகு அந்த மூவரும் டு மோரியேயின் படங்களில் முன்னிடம் பெறவில்லை.

பிரித்தெடுக்கும் முயற்சியைக் குலைத்தது அவருடைய சொந்த இதழே. ஐந்து வாரங்கள் கழித்து, 1881 ஜூன் 25 அன்று, 'பஞ்ச்' இதழின் மற்றோர் ஓவியர் லின்லி சாம்போர்ன் வரைந்த கற்பனை உருவப்பட வரிசையின் 37ஆம் படமாக, ஒரு சூரியகாந்தியின் நடுவில் ஆஸ்கர் வைல்டின் முகம் மலர்ந்தது. தலைப்பில் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. கீழிருந்த வரிகளில், கவிஞரின் பெயரில் இருக்கும் காட்டுத்தனம் (ஆங்கிலத்தில் 'வைல்ட்') கவிதையில் இல்லை என்று பெயரை வைத்தே சிலேடை செய்திருந்தார்கள். ஊகமாக இருந்தது அச்சாகிவிட்டது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், சித்திரமாகச் சாம்போர்னின் படம் உடனே பிடிபடுவது, அடுத்த வாரமே மறக்கத்தக்கது. டு மோரியேயின் படத்துக்கு விளக்கம் தேவை, ஆனால் அது ஒரு சமூகப் பழக்கத்தையே பிடித்து நிறுத்துகிறது.

வைல்டுக்கோ இரண்டுமே லாபம். 'பேஷன்ஸ்' அமெரிக்காவில் மேடையேறியபோது, கேலியின் பொருளை நேரில் காணாத மக்களுக்கு ஓர் அசல் அழகியல்வாதியைக் காட்ட வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர் டாய்லி கார்ட் வைல்டை அங்கே அனுப்பினார். 1882 ஜனவரியில் நியூயார்க்கில் இறங்கிய அவர், அவ்வாண்டு முழுவதும் ஏறத்தாழ 140 சொற்பொழிவுகள் ஆற்றினார். 1883 நவம்பரில் 'பஞ்ச்' வைல்டும் விஸ்லரும் பேசிக்கொள்வதாக ஓர் உரையாடலைப் புனைந்தபோது, "நாம் இருவரும் சேர்ந்தால் நம்மைப் பற்றியன்றி வேறெதையும் பேசுவதில்லையே" என்று வைல்டு தந்தியடிக்க, "இல்லை ஆஸ்கர், மறந்துவிட்டீர், நாம் சேர்ந்தால் என்னைப் பற்றியன்றி வேறெதையும் பேசுவதில்லை" என்று விஸ்லர் பதில் தந்தி கொடுத்தார். இரண்டு தந்திகளும் அச்சான இடம் யேட்ஸின் 'தி வேர்ல்ட்'. கேலிச்சித்திர இதழ் வம்பைப் புனைய, வம்புக்கு உரியவர்கள் வம்பு இதழிலேயே அதற்குப் பதில் சொல்லும் ஒரு வட்டம் இப்படி முழுமையடைந்தது.

விஸ்லர் கேட்ட விலை

அந்த வட்டம் எல்லோருக்கும் இனித்ததில்லை. 1860இல் லண்டன் நியூமன் தெருவில் விஸ்லரோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டவர் டு மோரியே. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1894இல், பாரிசின் ஓவிய மாணவர் வாழ்க்கையைப் பற்றி 'ஹார்ப்பர்ஸ்' மாத இதழில் அவர் எழுதிய 'ட்ரில்பி' தொடர்கதையில், ஜோ சிப்லி என்ற சோம்பேறியும் தற்பெருமைக்காரருமான ஒரு மாணவரைப் படைத்தார். 'பஞ்ச்' படங்களில் கட்டிக்காத்த தூரம் இங்கே இல்லை. பேச்சு, நடை, உடை, நண்பர்களிடம் காட்டும் குணம் என எல்லாமே விஸ்லரைச் சுட்டின. மார்ச் இதழில் அந்தப் பகுதியைப் படித்த விஸ்லர் கொதித்தெழுந்து, பத்திரிகைக் கடிதங்கள் மூலமும் வழக்குரைஞர் மூலமும் பதிப்பகத்தை நெருக்கினார். பதிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். அவ்வாண்டே நூல் வெளியானபோது சிப்லி இருந்த பக்கங்களும் அவர் உருவம் இருந்த படமும் நீக்கப்பட்டு, அவர் இடத்தில் அந்தோனி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அமர்த்தப்பட்டிருந்தார்.

சிப்லிக்கும் போஸ்ல்த்வெயிட்டுக்கும் உள்ள வேறுபாடு கேலியின் கடுமையில் இல்லை. சொல்லப்போனால் போஸ்ல்த்வெயிட்டுக்கு விழுந்த அடியே பலமானது. போஸ்ல்த்வெயிட் உலவிய வரவேற்பறையில் நூறு வைல்டுகள் இருந்திருக்கலாம், அவர்களில் எவரும் தன் மீது விழுந்த குத்து அண்டை வீட்டாருக்கானது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சிப்லி இருந்த அறையின் வாடகையைப் பங்கிட்டுக் கொடுத்தவர் ஒருவரே. அவருக்கு நகர இடமில்லை.